வெள்ளம் வரும் இடத்தில் வீடு கட்டுகிறீர்களா? எதிலிருந்து அளக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்

தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர் பக்கம் எங்கள் வீடு. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு அடையாறு கரையை மீறி வந்தபோது ஹாலில் ஓர் அடிக்கு மேல் தண்ணீர் நின்றது. அந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர் மழை. வீடு கட்டிய காலத்தில் மேஸ்திரி அப்பாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “ரோட்டுலேருந்து ரெண்டரை அடி பேஸ்மட்டம் ஏத்திட்டேன் சார், இனி கவலையே இல்ல.” ரெண்டரை அடி ஏற்றியது உண்மைதான், அதில் அவர் ஏமாற்றவில்லை. ஆனால் அந்த ரோடே பள்ளத்தில் இருந்தது. பள்ளத்திலிருந்து ரெண்டரை அடி அளந்தால் அதுவும் பள்ளம்தான் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் 2019-ல் அந்த வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினோம். இந்த முறை தூண் மேல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது, மேலே நாங்கள் சமைத்துச் சாப்பிட்டோம். இரண்டு முறைக்கும் நடுவில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன். சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் கட்டுபவர்களை மனதில் வைத்து எழுதினாலும் விதிகள் மாநிலம் முழுக்க ஒன்றுதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்ததையும், தூத்துக்குடி பட்ட பாட்டையும் பார்த்தவர்களுக்கு இது சென்னைக்காரர்களின் பிரச்சினை மட்டும் இல்லை என்று தெரியும்.

வாங்குவதற்கு முன்னால்

இன்னும் மனை வாங்கவில்லை என்றால் நீங்கள் பாக்கியசாலி, பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். எல்லோரும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார்கள், வக்கீலிடம் பத்திரத்தைக் கொடுத்து ஒப்பீனியன் வாங்குகிறார்கள், பேங்க் லோன் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். வக்கீலும் பேங்கும் பார்ப்பது நிலம் யாருடையது என்பதை. மழைக்காலத்தில் அது யாருடைய இடம் என்று அவர்கள் பார்ப்பதில்லை, அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு வருவாய்த் துறையின் இணையதளத்தில் அ-பதிவேடு (எந்த எண் என்ன வகை நிலம் என்ற பட்டியல்), எஃப்எம்பி (அந்த எண்ணின் அளவு வரைபடம்) இரண்டையும் எடுங்கள். உங்கள் மனையின் சர்வே எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், சுற்றியுள்ள எண்கள் எல்லாவற்றையும் பாருங்கள். ஏரி, குளம், தாங்கல், ஓடை, வாய்க்கால், கழுவெளி, நீர்ப்பிடிப்பு என்று எது எழுதியிருந்தாலும் பேனாவால் வட்டம் போடுங்கள். அப்புறம் கிராம வரைபடத்தை வாங்கி அந்த எண்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தால், மேலே இருக்கும் ஏரியின் கலங்கல், அதாவது உபரித் தண்ணீர் வழியும் இடம் எங்கே, அதிலிருந்து போகும் வாய்க்கால் எந்த வழியாகக் கீழ் ஏரிக்குப் போகிறது என்பது படமாகக் கிடைக்கும். இங்கே ஏரிகள் சங்கிலி மாதிரி அமைந்தவை, ஒன்று நிரம்பினால் அடுத்ததுக்குப் போகும். அந்தச் சங்கிலியின் இரண்டு கண்ணிகளுக்கு நடுவே உங்கள் மனை விழுந்திருந்தால், இன்று அங்கே வாய்க்கால் கண்ணுக்கே தெரியாமல் போயிருந்தாலும், பெரிய மழை வரும்போது தண்ணீர் பழைய வழியில்தான் வரும்.

1980-களில் நில உடைமைப் பதிவேடுகளை மேம்படுத்தும் திட்டம் நடந்தது, யுடிஆர் என்று சொல்வார்கள். அதற்கு முந்தைய பதிவேட்டில் அந்த எண் என்ன வகைப்பாட்டில் இருந்தது என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். இதற்கு அலைய வேண்டியிருக்கும், இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும், ஆனாலும் விடாதீர்கள். கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்ப்பதும் உதவும். 2000-களின் தொடக்கத்தில் எடுத்த படத்தில் உங்கள் மனை இருக்கும் இடம் பளபளவென்று நீர்ப்பரப்பாகத் தெரிந்தால் அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

பட்டா இருக்கிறது, வீட்டுவரி ரசீது இருக்கிறது, ஈபி கனெக்‌ஷன் இருக்கிறது என்று புரோக்கர் அடுக்குவார். நீர்நிலைப் புறம்போக்கில் இருக்கும் வீட்டுக்குக்கூட வரி ரசீதும் கரண்ட்டும் உண்டு, அவை எதுவும் உரிமைக்கோ அனுமதிக்கோ சான்று இல்லை. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-லேயே மாநிலத்தில் தனிச் சட்டம் வந்துவிட்டது, அதன்கீழ் நோட்டீஸ் வந்தால் ரசீதைக் காட்டித் தப்ப முடியாது. இன்னொன்று, பட்டா நிலமே ஏரியின் உள்வாயில், அதாவது தண்ணீர் பரவி நிற்கும் பகுதியில் இருப்பதும் உண்டு. தண்ணீர் இல்லாத காலத்தில் பயிர் செய்த நிலம் அது. சட்டப்படி உங்களுடையதாகவே இருக்கலாம், மழைக்காலத்தில் மட்டும் ஏரியுடையது.

அங்கீகாரம் இல்லாத மனையாக இருந்து, பின்னாளில் வரன்முறைப்படுத்தியது என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளுக்காக 2017-ல் வந்த திட்டம் அது. அதிலும் ஆறு, ஏரி, வாய்க்காலில் விழும் மனைகளுக்கு இடம் இல்லை என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. வரன்முறை ஆணையையும் அதோடு சேர்ந்த வரைபடத்தையும் கையில் வாங்கி, உங்கள் மனை எண் அதில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், வாய்வார்த்தை போதாது.

பள்ளிக்கரணைச் சுற்றுவட்டாரம் என்றால் தனியாக ஒரு வார்த்தை. சதுப்புநிலத்தின் 1,247.5 ஹெக்டேர் 2022-ல் ராம்சர் தளமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அந்தத் தளத்துக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டர் வரையும், தாக்கம் பற்றிய ஆய்வு முடியும் வரை கட்டுமான அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது. பெரும்பாக்கம், வேளச்சேரி, துரைப்பாக்கம், ஜல்லடியன்பேட்டை என்று எங்கே பார்த்தாலும், அட்வான்ஸ் கொடுக்கும் அன்றைய தேதியில் அந்த உத்தரவின் நிலை என்ன என்று சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவில் எழுத்தில் கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள். கடலோரம், கழிமுகம் பக்கம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியும் சேரும். கடலை ஒட்டி உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அது பேசும்.

தண்ணீர் எது வரை வந்தது

இனி முக்கியமான வேலை. மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

மனைக்குப் போங்கள், அக்கம்பக்கத்தில் பத்து வருடமாக இருக்கும் இரண்டு மூன்று பேரைப் பிடியுங்கள், 2015-ல் எது வரை, 2023-ல் எது வரை என்று கேளுங்கள். வாயால் சொல்வதை எழுதிக்கொண்டு வராதீர்கள், சுவரில் கை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். “இடுப்பு வரைக்கும்” என்று ஒருவர் சொல்வார், அவர் அன்றைக்கு நடு ரோட்டில் நின்றாரா திண்ணையில் நின்றாரா என்பதில் ஒன்றரை அடி வித்தியாசம் வந்துவிடும். மளிகைக் கடைக்காரர், டீக்கடைக்காரர், கோயில் பூசாரி, இவர்கள் சரியாகச் சொல்வார்கள், ஏனென்றால் அவர்களுக்கு எந்த அலமாரித் தட்டு நனைந்தது, எந்தப் படி முழுகியது என்று ஞாபகம் இருக்கும். பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகளின் சுவரில் பழுப்புக் கோடு இன்னும் அழியாமல் இருக்கும்.

அப்புறம் கொத்தனாரிடம் இருக்கும் டியூப் மட்டத்தை எடுத்து, அந்தக் கோட்டிலிருந்து உங்கள் மனை மூலைக்கு மட்டத்தைக் கொண்டுவாருங்கள். எல்லைக்கல்லிலோ பக்கத்து மதில் சுவரிலோ பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். தூரம் அதிகம் என்றால் ஒரு சர்வேயரைக் கூப்பிட்டு ஆட்டோ லெவல் வைத்து எடுக்கச் சொல்லுங்கள், அரை நாள் வேலைதான். இனிமேல் அந்த வீட்டில் எல்லா உயரமும் இந்தக் கோட்டிலிருந்துதான். ரோட்டிலிருந்து இல்லை, மண் தரையிலிருந்து இல்லை. ரோடு ஏறும் இறங்கும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே சுற்றறிக்கை விட்டார், ஆனாலும் நம் ரோடுகள் எத்தனை ஏறியிருக்கின்றன என்பதற்கு வாசலில் மூன்று படி இறங்கி உள்ளே போகும் பழைய வீடுகளே சாட்சி.

வெள்ளத்தில் இரண்டு ஜாதி உண்டு, அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் ஆறு கரையை மீறி வேகமாக வரும், உயரமாக வரும், ஒன்றிரண்டு நாளில் வடியத் தொடங்கும். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் அப்படி இல்லை. அங்கே வரும் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காடு முகத்துவாரம் வழியாகக் கடலைச் சேர வேண்டும். நீண்ட வழி, குறைந்த சரிவு, கடலில் அலை ஏற்றமாக இருந்தால் இன்னும் தாமதம். அதனால் உயரம் குறைவாக இருந்தாலும் நாள்கணக்கில் நிற்கும். ஓடும் வெள்ளம் வரும் இடத்தில் அடித்தளத்து மண்ணை அரிப்பதும் மதில் சுவரைத் தள்ளுவதும் பெரிய கவலை. தேங்கும் இடத்தில் சாக்கடை கலப்பதும், சுவர் ஊறுவதும், ஒரு வாரம் கரண்ட் இல்லாமல் மேலே இருப்பதும்தான் கவலை. இரண்டுக்கும் ஒரே மாதிரி வீடு கட்ட முடியாது.

ஊர்க்காரர்கள் சொன்னது போதாது என்றால் அரசு ஆவணத்திலிருந்தும் எடுக்கலாம். நீர்வளத் துறை, அதாவது 2021 வரை பொதுப்பணித் துறைக்குள் இருந்தது, அதன் செயற்பொறியாளர் அலுவலகத்தில் பக்கத்து ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம், உச்ச வெள்ள மட்டம், உபரிநீர் வாய்க்காலின் அகலம் எல்லாம் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு மனு எழுதிக் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வியைச் சுற்றி வளைக்காமல், ஏரியின் பெயர், கிராமம், சர்வே எண், எந்த மட்டம் வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதினால் பதில் சரியாக வரும்.

விதி என்ன சொல்கிறது

தமிழ்நாட்டில் கட்டட அனுமதிக்கு இப்போது அடிப்படை, 2019 பிப்ரவரி 4-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். அதற்கு முன் பெருநகருக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தது. தனி வீடு என்றால் பெரும்பாலும் உங்கள் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியிலேயே அனுமதி முடிந்துவிடும், பெரிய கட்டடம் சிஎம்டிஏவுக்கோ, நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபிக்கோ போகும்.

வெள்ளச் சமவெளியில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று கோடு போடும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. மத்திய நீர்வள ஆணையம் 1975-லேயே ஒரு மாதிரி மசோதா எழுதி மாநிலங்களுக்கு அனுப்பியது, மணிப்பூர் மாதிரி ஒரு சில மாநிலங்கள்தான் அதைச் சட்டமாக்கின. இதனால் என்ன ஆகிறது என்றால், பெரிய குடியிருப்பு, பெரிய மனைப்பிரிவு, நீர்நிலையை ஒட்டிய இடம் என்று வரும்போது நீர்வளத் துறையிடம் வெள்ளம் தொடர்பான தடையின்மைச் சான்று கேட்கிறார்கள். அந்தத் துறைப் பொறியாளர் வந்து பார்த்து, மனையை இத்தனை மீட்டர் மட்டத்துக்கு உயர்த்த வேண்டும், வாய்க்காலை ஒட்டி இவ்வளவு இடம் விட வேண்டும், இந்த இடத்தில் சிறுபாலம் போட வேண்டும் என்று நிபந்தனை எழுதிக் கொடுப்பார். ஒரு கிரவுண்டில் வீடு கட்டும் நமக்கு அந்தக் கடிதம் பெரும்பாலும் கேட்கப்படுவதே இல்லை. அதனால் எவ்வளவு உயரம் வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்வதும் இல்லை.

2024 ஜூலையில் வந்த சுயசான்றிதழ் முறையில் இது இன்னும் கூடிவிட்டது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் நாமே எல்லாம் சரி என்று உறுதிமொழி கொடுத்து இணையத்தில் உடனே அனுமதி வாங்கிவிடலாம். நல்ல திட்டம், என் சொந்தக்காரர் ஒருவர் ஒரே நாளில் வாங்கினார், முன்பு மாதக்கணக்கில் அலைந்த வேலை. ஆனால் அனுமதிக்கு முன் இடத்தைப் பார்க்க அதிகாரி வருவதில்லை. தாழ்வான இடம், வாய்க்கால் போகிறது என்று சொல்ல ஆள் இல்லை. தப்பான தகவல் கொடுத்தால் அனுமதி ரத்தாகும், பொறுப்பு முழுக்க நம் தலையில்.

உயரம் பற்றி எழுத்தில் கிடைக்கும் எண் ஒன்று உண்டு. தேசியக் கட்டட நெறிமுறை 2016, வீட்டின் பேஸ்மட்டம் சுற்றியுள்ள தரையிலிருந்து குறைந்தது 45 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது, வண்டி நிறுத்தும் மூடிய இடத்துக்கு 15 சென்டிமீட்டர். பல பொறியாளர்கள் இந்த 45-ஐ எடுத்துக்கொண்டு அதோடு ஓர் அடி சேர்த்து பிளான் போட்டுவிடுவார்கள். அந்த 45 சென்டிமீட்டர் சாதாரண மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வராமல் இருப்பதற்கான குறைந்தபட்சம், வெள்ளத்துக்கான கணக்கு இல்லை. நான் சொல்வது, அந்த 45-ஐ நீங்கள் சுவரில் போட்ட வெள்ளக் கோட்டுக்கு மேல் வையுங்கள். எங்கள் தெருவில் வெள்ளக் கோடு ரோட்டிலிருந்து 110 சென்டிமீட்டர். அதற்கு மேல் 45 வைத்தால் 155, ஐந்து அடிக்குக் கொஞ்சம் கூடுதல்.

மண் கொட்டுவதா, தூண் போடுவதா

ஐந்து அடி என்றதும் எல்லோரும் முதலில் யோசிப்பது கிராவல் லோடு. தெருவில் யாராவது கட்டினால் லாரி லாரியாகக் கொட்டி மேடாக்கிவிட்டு அதன் மேல் வீடு. இதை நான் மனசார எதிர்க்கிறேன். உங்கள் மனையில் நின்றிருக்க வேண்டிய தண்ணீர் எங்கேயும் மறைந்துவிடாது, பக்கத்து வீட்டு ஹாலுக்குப் போகும். அவர் அடுத்த வருடம் இன்னும் ஓர் அடி கூட்டிக் கொட்டுவார். தெருவில் கடைசியில் கொட்ட வசதியில்லாத ஒரு விதவைப் பாட்டியின் வீடு மட்டும் கிணறாக நிற்கும், எங்கள் தெருவில் அதுதான் நடந்தது. அது போக, புதிதாகக் கொட்டிய மண் ஒழுங்காக அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டுக் குத்தாவிட்டால் இரண்டு மூன்று மழைக்காலத்தில் அமுங்கி, தரை உள்வாங்கி, டைல்ஸ் வெடிக்கும்.

தூண் போட்டு மேலே கட்டி, கீழே வண்டிக்கு விட்டுவிடுவதுதான் சரியான வழி, ஸ்டில்ட் என்று எல்லோரும் சொல்வது. வெள்ளம் வந்தால் கீழே வந்து கீழேயே போகும், யாருக்கும் அதனால் கெடுதல் இல்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2008-ல் வெளியிட்ட வெள்ள வழிகாட்டுதலிலும் இப்படிப்பட்ட இடங்களில் தூண்கள் மேல் கட்டும் யோசனை இருக்கிறது. வண்டி நிறுத்த விடும் ஸ்டில்ட்டை நம் விதிகளில் தளப்பரப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதனால் மேலே கட்டும் அளவு குறையாது. செலவு கூடும்தான். ஆனால் ஐந்து அடிக்கு மண், சுற்றிலும் தடுப்புச் சுவர், பத்துப் படிகள் என்று கணக்குப் போட்டால் நீங்கள் நினைக்கும் அளவு வித்தியாசம் வராது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ஐந்து அடிக்குச் சாய்தளம் போட வேண்டுமென்றால் 1-க்கு 12 சரிவில் 18 மீட்டருக்கு மேல் நீளம் தேவை, ஒரு கிரவுண்டில் அதற்கு எங்கே போவது.

ஸ்டில்ட் போட்டபின் இரண்டு விஷயத்தில் உறுதியாக இருங்கள். ஒன்று, கட்டடத்தின் மொத்த உயரத்துக்கு வரம்பு உண்டு, எந்த வகை அனுமதியில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். பிளான் வரையும் முதல் நாளே ஸ்டில்ட் உயரத்தைச் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள், பாதியில் தெரிந்தால் மாடி அறையை வெட்ட வேண்டியிருக்கும். இரண்டாவது, கீழே சும்மாதானே கிடக்கிறது என்று சுவர் எழுப்பி ஒரு ரூம், ஒரு கடை என்று வாடகைக்கு விடாதீர்கள். அனுமதிக்கு விரோதம் என்பது ஒருபக்கம். வெள்ளம் வந்தால் அந்த ரூமில் தூங்கிக்கொண்டிருப்பவர் ஒரு மனிதர்.

ஸ்டில்ட்டில் கீழ்த்தளம் திறந்திருப்பதால் பூகம்பத்துக்கும் பக்கவாட்டு அழுத்தத்துக்கும் தூண்கள் தனியாகக் கணக்கிடப்பட வேண்டும், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்து இல்லாமல் மேஸ்திரி கணக்கில் கம்பி கட்ட விடாதீர்கள். சாயில் டெஸ்ட்டையும் தவிர்க்காதீர்கள். பள்ளிக்கரணை பக்கம் இருக்கும் களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அங்கே எத்தனை அடி கடைக்கால் என்று பக்கத்து வீட்டைப் பார்த்து முடிவு பண்ணக் கூடாது, பைல், அதாவது ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண் தேவைப்படலாம்.

கட்டும்போது

பிளிந்த் பீம் (பேஸ்மட்டத்தில் வரும் பீம்) கான்கிரீட் போடும் நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் நீங்களே நின்று டியூப் மட்டத்தில் உயரத்தை வெள்ளக் கோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அன்றைக்கு ஷட்டரிங் அரை அடி குறைவாக இருந்தால் ஒரு மணி நேர வேலை, மறுநாள் காலையில் கலவை இறங்கிவிட்டால் வாழ்நாள் வேலை.

சம்ப்புதான் வெள்ளத்தில் முதலில் கெடுவது. மூடி தரையோடு தரையாக இருந்தால் சாக்கடை கலந்த தண்ணீர் உள்ளே போய்விடும், வெள்ளம் வடிந்தபின் குடிக்கத் தண்ணீர் இருக்காது. மூடியின் வாயை வெள்ளக் கோட்டுக்கு மேல் சுவர் எழுப்பிக் கொண்டுவாருங்கள். செப்டிக் டேங்க்கின் காற்றுக்குழாயும் அப்படியே. கழிவுநீர் வெளியே போகும் குழாயில், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள், இல்லாவிட்டால் தெருவில் தண்ணீர் நிறைந்ததும் டாய்லெட் வழியாக உள்ளே ஏறும், எங்கள் பழைய வீட்டில் வாசலில் தண்ணீர் வருவதற்கு முன்னாலேயே பாத்ரூமில் வந்துவிட்டது. வெள்ளம் வரப்போகிறது என்று தெரிந்தால் சம்ப்பையும் செப்டிக் டேங்க்கையும் காலியாக வைக்கக் கூடாது, சுற்றி மண் ஊறி நிற்கும்போது காலித் தொட்டியைத் தண்ணீர் அடியிலிருந்து தூக்கும், சுவர் வெடிக்கும்.

ஈபி மீட்டர் பெட்டி, மெயின் போர்டு, மோட்டார் ஸ்டார்ட்டர், இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் முதல் தளத்தின் மட்டத்தில். ஸ்டில்ட்டில் இருக்கும் லைட், பிளக் எல்லாவற்றுக்கும் தனி எம்சிபி (கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்), மேலேயிருந்து அணைக்கும்படி. வயரிங் கூரையிலிருந்து கீழே இறங்கட்டும், தரையிலிருந்து மேலே ஏற வேண்டாம். லிஃப்ட் உண்டு என்றால் கரண்ட் போனாலும் மேல்தளத்தில் போய் நிற்கும்படி அமைக்கச் சொல்லுங்கள், குழியில் நின்றால் அவ்வளவுதான்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் மாநிலத்தில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம், அனுமதிக்காகக் கணக்குக் காட்டிவிட்டு மூடிவிடாதீர்கள். மாடித் தண்ணீர் மட்டும் வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றுக்குப் போகட்டும், ஆனால் உறைகிணற்றின் வாயும் உயரமாக இருக்கட்டும். தெருச் சாக்கடை அதற்குள் இறங்கினால் நிலத்தடி நீரையே கெடுத்ததாகிவிடும். சுற்றி விட்ட காலி இடத்தில் ஒரு பகுதியாவது சிமென்ட் போடாமல் மண்ணாக விடுங்கள்.

மதில் சுவரின் அடியில் ஆறேழு அடிக்கு ஒரு ஓட்டை விடுங்கள், கம்பி வலை போட்டால் பாம்பு வராது. மூடிய மதில் ஒருபக்கம் தண்ணீரைத் தாங்கி நின்று, பாரம் தாங்காமல் மொத்தமாகச் சாயும். தெருவோரத்து மழைநீர் வடிகாலை மூடிச் சாய்தளம் போட்டு வண்டியை ஏற்றுவது நம் ஊரில் வழக்கம், அதைச் செய்யாதீர்கள், சாய்தளம் உங்கள் கேட்டுக்கு உள்ளே இருக்கட்டும்.

அபார்ட்மென்ட் வாங்குபவர்களுக்கு

500 சதுர மீட்டருக்கு மேல் நிலம் அல்லது 8 வீடுகளுக்கு மேல் என்றால் கட்டட, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ரெராவில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணோடு நிறுத்தாமல் திட்ட அனுமதிக் கடிதத்தையும், நீர்வளத் துறைச் சான்றின் நகலையும் கேளுங்கள். அந்தச் சான்றில் மனையை எந்த மட்டத்துக்கு உயர்த்தச் சொல்லியிருக்கிறது, உண்மையில் அந்த மட்டத்தில் இருக்கிறதா என்று ஒரு சர்வேயரை வைத்துப் பார்த்துவிடுங்கள், ஐந்தாறு பேர் சேர்ந்தால் பெரிய செலவில்லை. நிலத்துக்கு அடியில் பார்க்கிங் இருந்தால் சாய்தளத்தின் தொடக்கம் வெள்ளக் கோட்டுக்கு மேலே ஏறி அப்புறம் இறங்குகிறதா என்று பாருங்கள். ஜெனரேட்டரும் டிரான்ஸ்பார்மரும் எங்கே இருக்கின்றன என்றும் கேளுங்கள்.

ஏற்கெனவே வீடு இருக்கிறது, இடிக்கப் பணம் இல்லை என்பவர்கள் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குவதைப் பற்றிக் கேட்கிறார்கள். நம் ஊரில் நிறையப் பேர் செய்கிறார்கள், வெற்றிகரமாகவும் நடக்கிறது. ஆனால் வெட்டுக்கல், செங்கல் சுவரே பாரம் தாங்கும் பழைய வீடும், தூண் பீம் வைத்துக் கட்டிய வீடும் ஒன்றல்ல. தூக்கும் கம்பெனிக்காரர் சொல்வதை வைத்து முடிவு பண்ணாமல், அவர்களோடு சம்பந்தமில்லாத ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டி எழுத்தில் வாங்குங்கள். உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி தேவையா என்று கேட்டு அதையும் எழுத்தில் வாங்குங்கள். தூக்கும்போது எத்தனை அடி என்று அவர்கள் கேட்பார்கள். “ரோட்டிலிருந்து மூன்று அடி” என்று சொல்லிவிடாதீர்கள், சுவரில் இருக்கும் அந்தப் பழுப்புக் கோட்டைக் காட்டி, இதற்கு மேல் ஒன்றரை அடி என்று சொல்லுங்கள்.